எவர்கிளேட்ஸில் முதலைகள் இருந்தும் மலைப்பாம்பு பெருகியது எப்படி?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் முதலைகள் பர்மிய மலைப்பாம்பைத் தின்னத்தான் செய்கின்றன. வளர்ந்த பாம்பு முதலையையும் விழுங்கிவிடுகிறது. ஆனால் வளர்ப்புப் பிராணியாக வந்து காட்டில் விடப்பட்ட இந்தப் பாம்பு, ஒரே ஈட்டில் பல டஜன் முட்டைகள் இடும். திட்டுத்திட்டான பழுப்புத் தோலோடு சதுப்புப் புல்லில் கிடந்தால், காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. விளைவு கொடுமையானது: 2012இல் வெளியான ஆய்வின்படி, எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் தென்படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது.

2017இல் தமிழகத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே சென்று, புதருக்குள் புகுந்து தடமும் எச்சமும் பார்த்தே முப்பதுக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்தார்கள். அந்த அறிவுக்குத்தான் 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மிகவும் தகுதியான விருது.