மூன்று ஆட்டங்கள் ஆடியவர்

அன்புள்ள ஐயா,

பழைய கால்பந்து பற்றி எழுதியபோது ஆண்ட்ரூ வாட்சனை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உலகின் முதல் கருப்பினச் சர்வதேச வீரர் அவர் என்கிறார்கள். ஆனால் ஸ்காட்லாந்துக்கு மூன்றே ஆட்டங்கள்தான் ஆடியிருக்கிறார். நிறத்துக்காகத்தான் ஒதுக்கிவிட்டார்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் விட்டிருக்கக் கூடாதுதான். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்.

மூன்று என்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். அன்று ஸ்காட்லாந்து ஆண்டுக்கு இரண்டே சர்வதேச ஆட்டங்கள்தான் ஆடியது, இங்கிலாந்துடன் ஒன்று, வேல்ஸுடன் ஒன்று. 1881 மார்ச் 12, லண்டன் ஓவல் மைதானம். வாட்சனுக்கு அதுதான் முதல் ஆட்டம், அதிலேயே அவர்தான் கேப்டன். ஸ்காட்லாந்து 6-1 என்று வென்றது. சொந்த மண்ணில் இங்கிலாந்து இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் இன்றுவரை வேறெந்த ஆட்டத்திலும் தோற்றதில்லை. இரண்டே நாள் கழித்து ரெக்ஸமில் வேல்ஸை 5-1 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் மறுபடி இங்கிலாந்து, மறுபடி 5-1. வாட்சன் தடுப்பாட்டக்காரர். மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அவர் அணி விட்ட கோல் மூன்றுதான். ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் ஆண்டு மலர் அவருடைய வேகத்தையும், பந்தைப் பறிக்கும் திறமையையும், குறி தவறாத உதையையும் புகழ்கிறது. அந்தக் குறிப்பில் அவர் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அப்புறம் ஏன் நின்றுபோனது? 1882இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்லாந்துக்குள் ஆடுகிறவர்களை மட்டுமே அந்நாட்டுத் தேர்வுக்குழு எடுத்தது. அந்த வழக்கம் மாறியது 1896இல். அப்போது அவருக்கு நாற்பது வயது. அதனால் அணியிலிருந்து ஒதுக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மறந்தார்கள் என்பேன். ஆர்தர் வார்ட்டனைத்தான் முதல் கருப்பின வீரர் என்று நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாட்சனோ குழுப் புகைப்படங்களில் எல்லார் கண்ணெதிரிலும் நின்றுகொண்டிருந்தார்.

நிறம் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது 1856இல், டெமராராவில், இன்றைய கயானா. தந்தை பீட்டர் மில்லர் வாட்சன், சர்க்கரைத் தோட்டப் பணக்காரர். தாய் ஹானா ரோஸ், உள்ளூர்ப் பெண். அடிமைகளின் முதுகில் வளர்ந்த தொழில் அது. அடிமைமுறை ஒழிந்த பின் அதே தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். மகன் இங்கிலாந்தில் நல்ல பள்ளிகளில் படித்து, 1875இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், கால்பந்துக்குச் சம்பளம் இல்லாத காலத்தில் கவலையின்றிக் குயின்ஸ் பார்க் அணிக்கு ஆடியதும் அந்தப் பணத்தில்தான். அவர் திறமையை இது குறைக்காது. ஆனால் ஓவல் மைதானத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கரும்புத் தோட்டமும் கூடவே என் கண்ணில் வருகிறது.

பிற்காலத்தில் கப்பல் பொறியாளராக வேலை பார்த்தார். 1921இல் லண்டன் கியூ பகுதியில் காலமானார். ரிச்மண்டில் சிதைந்து கிடந்த அவர் கல்லறையைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அன்பர்கள் பணம் திரட்டிச் சரிசெய்தார்கள்.

அன்புடன்.