டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஏன் கோடு ஓடுகிறது?

கேள்வி: விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி அறையில் டியூப் லைட் வெளிச்சத்திலேயே செல்போனில் ஐந்து நிமிடக் குறும்படம் எடுத்தோம். படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் நகர்கின்றன. ரெக்கார்டரில் தனியாகப் பதிவு செய்த வசனமும் போகப்போக உதட்டசைவோடு ஒட்டவில்லை. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?

பதில்: வசனத்தை மீட்டுவிடலாம். பட்டைகள்தான் கஷ்டம்.

போனில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய இரும்பு சோக் போட்ட டியூப் லைட் அதில் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. நம் கண் அதைக் கவனிப்பதில்லை, கேமராவில் வெளிச்சத்தை வாங்கும் சென்சார் கவனிக்கிறது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு, சென்சார் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதுதான் ஷட்டர் ஸ்பீட். 1/50 நொடி வாங்கினால் முழுதாக இரண்டு துடிப்புகள் உள்ளே வரும். 1/100 என்றால் ஒன்று. 1/60 வைத்தால் ஒன்றரைத் துடிப்புக்குச் சற்று மேலே அறுபட்டு நிற்கும். போன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் ஒரு வரிக்கு வெளிச்சம் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. அந்த வித்தியாசம்தான் பட்டையாகத் தெரிகிறது.

மாணவர்கள் பார்க்கும் பயிற்சி வீடியோக்களில் பல அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. இங்கே 25 ஃபிரேம், 1/50 வையுங்கள். ஷட்டர் நேரம் ஃபிரேம் நேரத்தில் பாதியாக இருப்பதால் அசைவும் இயல்பாகத் தெரியும். போனோடு வரும் கேமராவில் இதை மாற்ற முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் இருக்கிறது. உங்கள் போனில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வெயிலில் இதே 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். பெரும்பாலான போன்களில் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, மாற்ற முடியாது. அதற்காக ஷட்டரை 1/2000க்கு ஏற்றாதீர்கள், கையசைவு வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸ் முன்னால், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் ஒன்றை மாட்டுங்கள்.

வசனத்துக்கு வருவோம். போன் ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவு செய்வதில்லை. எடிட்டிங் மென்பொருள் சீராக இருப்பதாக நினைத்துக்கொள்ளும், ஒலி விலகிப்போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லா ஷாட்டையும் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று மாற்றிக்கொண்டு, அப்புறம் எடிட்டிங்கைத் தொடங்குங்கள். போனில் பதிவான ஒலியை அழித்துவிடாதீர்கள். அதன் அலைவடிவத்தோடு ரெக்கார்டர் ஒலியை ஷாட் ஷாட்டாகப் பொருத்தலாம். அடுத்த முறை ரெக்கார்டரில் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, ஒவ்வொரு ஷாட் தொடக்கத்திலும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கைதட்டல் கொடுங்கள்.

பட்டைகளைக் குறைக்க டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் 'டீஃப்ளிக்கர்' என்ற வசதி உண்டு. லேசாக இருந்தால் அடங்கும். அழுத்தமாக இருந்தால் அதற்காக ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம். நடிகர்களை மறுபடி கூப்பிட்டு எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் அந்த அறையில் வெள்ளைச் சுவரைப் பத்து நொடி படம் பிடித்துப் பெரிய திரையில் பாருங்கள். மலிவான எல்.இ.டி. விளக்கு சில 1/50லும் மினுங்கும், சுவரிலேயே அது தெரிந்துவிடும்.