விளையின் பெயர்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். நூலக அறிவியலில் முதுகலை படிக்கிறேன். கணினித் தேடலை ஆராய்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் நினைவாக, ஆவணக் குவியலில் வேண்டியதைத் தேடி எடுக்கும் தகவல் மீட்புத் துறையில் வழங்கப்படும் விருதைப் பெற்ற ஓர் ஆய்வாளரின் உரையைக் காணொளியில் பார்த்தேன். தொடக்கம் புரிந்தது. கணக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

கேட்ட கேள்விக்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு நேராகப் பதில் சொல்லும் காலத்தில் தேடலைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்? இந்தப் படிப்பை நான் தொடரலாமா? நம் நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதனைவிட இந்த ஸ்பார்க் ஜோன்ஸ் பெரியவரா? 'கணினித்துறை முக்கியமானது, அதை ஆண்களிடம் விட்டுவிட முடியாது' என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வகுப்பில் அவர் பெயரைக்கூட யாரும் சொன்னதில்லை.

வீட்டிலும் இந்தப் படிப்பு எதற்கு என்றுதான் கேட்கிறார்கள். பாட்டி வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், கிடக்கின்றன. எல்லாம் மலையாளம், வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. பட்டா கணினியில் வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு, எரித்துவிடலாம் என்கிறார் மாமா. அவருக்கு அந்தத் தாளும் என் படிப்பும் ஒன்றுதான்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாமாவைத் தடுங்கள். இன்றே அந்தப் பெட்டியை உங்கள் அறைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். நூலக அறிவியல் படிக்கிற பெண், எரிக்கப்போகிறார்கள் என்பதைக் கடிதத்தின் கடைசியில் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ரங்கநாதன் பெரியவரா, அவர் பெரியவரா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அந்தக் கணித ஆசிரியர், அறிவை வகுத்து அடுக்க வழி சொன்னார். கேம்பிரிட்ஜில் வேலை செய்த இந்தப் பெண்மணி, வகுத்து அடுக்கப்படாத குவியலில் எப்படித் தேடுவது என்று பார்த்தார். இருவரையும் படியுங்கள். அந்த ஆண்கள் பற்றிய வாசகமும் நல்ல வாசகம்தான். ஆனால் அதோடு அவரை நிறுத்திக்கொண்டால் அவருக்குச் செய்கிற அநியாயம் அது. அவர் பணிவாழ்வில் பெரும்பகுதி குறுகிய கால ஒப்பந்தங்களில் ஓடியது. பேராசிரியர் பதவி 1999இல்தான் கிடைத்தது, அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அத்தனை காலமும் அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. நீங்களோ, அது தொடங்கிய இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டீர்கள்.

அந்தக் கணக்கு உங்கள் பாட்டி வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சொல்கிறேன்.

கல்லூரி முடித்து வேலை இல்லாமல் இருந்த நாட்களில், விளவங்கோடு தாலுகாவில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு நான் எடுபிடியாக இருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு உறவு, மாமா முறை. வில்லங்கம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பதிவு அலுவலகத்தில் பிரமாணங்களைத் தேட இரண்டு அட்டவணைகள் உண்டு: எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு ஒன்று, சொத்து விவரத்துக்கு இன்னொன்று. வருகிறவர்கள் எல்லோரும் பெயரிலிருந்துதான் தொடங்குவார்கள். 'என் தாத்தா பெயர் தாசையன், அவருடைய அப்பா பொன்னையன்' என்பார்கள். மாமா காதிலேயே வாங்க மாட்டார். 'இந்தப் பகுதியில் பாதிப் பேர் தாசையன், மீதிப் பாதி பொன்னையன். விளையின் பெயரைச் சொல்' என்பார்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே விளை என்று சொல்லும் ஒவ்வொரு தோட்டத்துக்கும், வீட்டு மனையான புரையிடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பழைய பிரமாணங்களில் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரும் இருக்கும். விளையின் பெயர் தெரியாது என்று வந்தவர் சொன்னால் மாமா எல்கைக்கு, அதாவது நிலத்தின் எல்லைக்குப் போவார். கிழக்கே என்ன, மேற்கே என்ன? ஒருமுறை ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'வடக்கே ஒரு காவு இருந்ததாக அம்மை சொல்லுவாள்' என்றார். தெய்வம் குடியிருக்கும் தோப்பைத்தான் காவு என்போம். அதைக் கேட்டதும் மாமா எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேரேட்டில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். தாசையன்களையும் பொன்னையன்களையும் கடந்துபோன விரல் ஓர் இடத்தில் நின்றது. வடக்கு எல்கை நாகக்காவு. அதுதான் அவர்கள் நிலம்.

ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். ஓர் ஆவணத்துக்குள் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம் என்று அதற்கு முன்பே ஐபிஎம் நிறுவனத்தின் லூன் சொல்லியிருந்தார். இவர் திருப்பிக் கேட்டார்: அந்தச் சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது? பத்தாயிரம் பிரமாணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாசையன் என்ற பெயர் ஆயிரம் பிரமாணங்களில் இருக்கிறது. 10,000ஐ 1,000ஆல் வகுத்தால் 10, அதன் மடக்கை 1. நாகக்காவு பத்துப் பிரமாணங்களில்தான் இருக்கிறது. வகுத்தால் 1,000, மடக்கை 3. எல்கை என்ற சொல் பத்தாயிரத்திலும் இருக்கிறது. வகுத்தால் 1, மடக்கை சுழியம். தேடுகிறவன் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. பள்ளிக்கூடத்து மடக்கை தெரிந்தால் போதும். இதற்காகவா காணொளியை நிறுத்தினீர்கள்?

சில நூறு ஆவணங்களைக் கொண்ட சிறு தொகுப்புகளில்தான் அவர் இதைச் சோதித்தார். பிறகு 1976இல் ஸ்டீபன் ராபர்ட்சனோடு சேர்ந்து இன்னும் முன்னால் கொண்டுபோனார். ராபர்ட்சனும் அவரோடு இருந்தவர்களும் 1990களில் உருவாக்கிய பிஎம்25 என்ற சூத்திரம் இன்றும் தேடுபொறிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேராகப் பதில் சொல்கிறது என்கிறீர்களே, அந்த இயந்திரமும் பல நேரங்களில் முதலில் ஆவணங்களைத் தேடி எடுத்து, அவற்றை வைத்துத்தான் பதிலை எழுதுகிறது. தேடி எடுக்க ஆவணம் இல்லையென்றால் என்ன சொல்லும்? உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முக்கடல் சங்கமம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை என்று சுற்றுலாத் துண்டறிக்கையில் இருப்பதைச் சொல்லும். உங்கள் பாட்டியின் விளைக்கு வடக்கே என்ன இருந்தது என்று சொல்லாது. அது அந்த டிரங்குப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. அதை உங்கள் மாமா எரிக்கப்போகிறார்.

இப்போது விருது உரைக்கு வருகிறேன். நீங்கள் இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஆனால் நெடுநாளாக என் மனதில் கிடந்து அறுக்கும் விஷயம் இது.

ஸ்பார்க் ஜோன்ஸ் பெயரிலான விருது 2008இல் ஏற்படுத்தப்பட்டது. ஆய்வு வாழ்வின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத் தருகிறார்கள். பெற்றவர் தகவல் மீட்புக்கான ஐரோப்பிய மாநாட்டில் முழு உரை ஒன்று ஆற்ற வேண்டும். விருது வாங்கியவர் மேடையேறித் தான் கண்டுபிடித்ததை, துறை தெரிந்தவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் கேட்பார்கள், மறுப்பார்கள். ஸ்பார்க் ஜோன்ஸும் அப்படித்தான் செய்தார். 1988இல் சால்டன் விருது பெற்றபோதும், 2004இல் கணினி மொழியியல் சங்கத்தின் வாழ்நாள் சாதனை விருது பெற்றபோதும் அவர் ஆற்றிய உரைகள் அச்சில் வந்து இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. 2007இல் நோய் முற்றியிருந்தபோதும், தனக்குத் தரப்பட்ட விருதுகளுக்கான உரையைக் காணொளியாகப் பதிவு செய்து கொடுத்தார். அந்த ஏப்ரலில் இறந்துபோனார். உடம்பு சரியில்லை, வர இயலாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? உரை ஆற்றாமல் விருதை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

இங்கே என்ன நடக்கிறது? இந்த மாவட்டத்தில் ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவிக்கு விருது கொடுத்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடை நிறைய ஆட்கள். வாழ்த்துரை, பாராட்டுரை, சிறப்புரை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. பேசிய ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. எளிமையின் சிகரம் என்றார் ஒருவர். கலைக்காகவே வாழ்வை அர்ப்பணித்தவர் என்றார் இன்னொருவர். தமிழ்ப் பண்பாட்டின் காவலர் என்றார் மூன்றாமவர். அதே சொற்களை அதே வாய்களிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் கேட்டிருக்கிறேன், கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கும் கேட்டிருக்கிறேன். அண்ணாவி வீசுகோல் இரண்டையும் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூட்டம் முடியும்வரை அது அவர் மடியிலேயே இருந்தது. ஏற்புரைக்கு அவர் எழுந்தபோது பாதி நாற்காலிகள் காலி. குழித்துறை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். 'நேரமாகிவிட்டது, சுருக்கமாக' என்று ஒருவர் அவர் காதில் சொன்னார். அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மனிதருக்கு என்னவெல்லாம் தெரியும்! இசக்கியம்மன் கதை ஓர் ஊரில் எந்த இடத்தில் தொடங்கும், ஆறு தாண்டினால் எப்படி மாறும், எந்தக் கோயிலில் எந்தப் பகுதியைப் பாடக்கூடாது, குடம் அடிப்பவர் எந்த வரியில் கை மாற்றுவார் என்று அவர் ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். பாடிக் காட்டியிருக்கலாம். அதை யாராவது பதிவு செய்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. மேடையில் அன்று பேசப்பட்ட புகழ்ச்சிகள் அத்தனையையும் ஸ்பார்க் ஜோன்ஸின் கணக்கில் போட்டுப் பாருங்கள். எல்லா விழாவிலும் எல்லாருக்கும் சொல்லப்படுகிற சொல், அதனால் எடை சுழியம். எடையுள்ள சொற்களை வைத்திருந்த ஒரே மனிதரை ஒரு நிமிடத்தில் உட்கார வைத்துவிட்டோம். இதை நாம் மரியாதை என்று நம்புகிறோம். விருதுக்குப் பணம் திரட்டி, மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சடிக்கிற நல்ல மனம் கொண்டவர்களிடம்தான் கேட்கிறேன்: அவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்து, மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் படிப்பு.

இந்தக் கணக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. அரிதாக வருகிற சொல்லுக்கு அது மதிப்புக் கொடுக்கிறது. ஆனால் எழுத்துப்பிழை எல்லாவற்றையும்விட அரிதாக வருவது. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முன்பு மலையாளத்தில் பனவிளை என்று இருந்ததை, தமிழில் பெயர்த்து எழுதியவர் ஒருவர் பனவிளை என்றே விட்டார், இன்னொருவர் பனைவிளை என்று திருத்தினார், மூன்றாமவர் பணவிளை என்று தப்பாக எழுதினார். இயந்திரத்துக்கு இவை மூன்று வெவ்வேறு சொற்கள், அதிலும் பணவிளைதான் எடை மிகுந்தது. பழைய பிரமாணத்தில் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும், புதியதில் ஆங்கில ஆண்டு. கொல்லம் 1132 என்பதும் 1956 என்பதும் ஒன்றைக் குறிக்கலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். என் மாமாவுக்கு இது தெரிந்திருந்தது. அவர் போய்விட்டார். இனி இதை யார் உட்கார்ந்து எழுதி வைப்பது? நூலக அறிவியல் படித்த, விளவங்கோட்டு மண்ணில் பிறந்த ஒருவர் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவரைத் தேட உங்கள் ஊரில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வயதானவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரமாணமாக எடுங்கள். கொல்லம் ஆண்டு, பகுதி, விளையின் பெயர், நான்கு எல்கை, எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் என்று பிரித்து எழுதுங்கள். பெயரைத் திருத்தாதீர்கள், இருப்பதை இருக்கிறபடி எழுதி, இன்னின்ன பெயர்கள் ஒன்றுதான் என்று தனியாகக் குறியுங்கள். மடித்த தாளை வெடுக்கென்று பிரிக்காதீர்கள், மடிப்பில் முறிந்துவிடும். பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் செய்துவிடவும் வேண்டாம்.

காணொளியை நிறுத்திய இடத்திலிருந்து மறுபடியும் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த 1972 கட்டுரையைப் படித்துவிடுங்கள், பத்துப் பக்கம் அளவுக்குத்தான் இருக்கும். புரியாத இடத்தைக் குறித்து எனக்கு எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புகிறேன். படிப்பைத் தொடரலாமா என்று கேட்டு மட்டும் இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

அன்புடன்.