பள்ளி நாப்கின் போதவில்லையா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அங்கே தரும் நாப்கின் மாதவிடாயின் பாதி நாட்களுக்குத்தான் வருகிறது. மீதிக்கு, கடையில் வாங்காமல் வழி உண்டா?

பதில்: கணக்கே அப்படித்தான். இலவச நாப்கின் தரும் தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுவரை இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒன்றில் 6. மாதத்துக்கு 9தான், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும். அவற்றைப் பள்ளி நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

வீட்டுக்குத் துணிப் பேட் தைக்கலாம். பழைய பருத்தி வேட்டியை ஆறேழு மடிப்பாக்கி, 25 செ.மீ. நீளத்தில் ஓரம் மட்டும் தையுங்கள். நடுவில் தையல் ஓட்டினால் ஊசித் துளை வழியே கசியும். இருபுறமும் உள்ளாடையைச் சுற்றி மடிக்கும் இறக்கையில் டிச் பட்டன் வையுங்கள், ஊக்கு வேண்டாம். ஆறு இருந்தால் சுழற்சிக்குச் சரி.

முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான். வெந்நீர் பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகி, கறை போகவே போகாது. கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது, துணி ஈரத்தை உறிஞ்சாது. பிறகு நேர் வெயில். புடவைக்கு அடியில் ஒளித்துக் காயவைப்பதால்தான் நாற்றமும் அரிப்பும் வருகின்றன; வெட்கத்துக்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.