டி.என்.ஏ. சான்று இருந்தால் எல்லாம் ஆண் மீனா?

செங்குன்றம் பக்கம் கிஃப்ட் என்ற, வேகமாக வளரும்படி மேம்படுத்திய திலேப்பியா மீன் ரகத்தை வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டி.என்.ஏ. சோதனை செய்த, முழுக்க ஆண் குஞ்சு என்று சொல்லி ஏஜென்ட் கூடுதல் விலை வாங்கினார். நான்காம் மாதமே குளம் நிறையப் பொடிக்குஞ்சு. நானும் மீனைச் சோதனைக்கு அனுப்பட்டுமா?"

வேண்டாம். அந்தப் பணத்தைத் தீவனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் கலந்தால் குளத்திலேயே குஞ்சு பெருகிவிடும் என்றுதான் ஆண் குஞ்சாகத் தேடுகிறோம். திலேப்பியாவில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்ற, ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் இரண்டும் உண்டு. பெண்ணுக்கு இரண்டுமே எக்ஸ். ஒய்யில் மட்டும் இருக்கும் ஒரு துண்டைத் தேடிப் பார்ப்பதுதான் நீங்கள் கேள்விப்பட்ட சோதனை. துடுப்பில் நுனி அளவு வெட்டிச் சுத்தமான எத்தனாலில் போட்டு அனுப்பினால் போதும், மீன் சாகாது. நல்ல நுட்பம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சந்தையில் விற்கும் ஆண் குஞ்சில் பெரும்பகுதி ஹார்மோன் கலந்த தீவனத்தை மூன்று, நான்கு வாரம் தின்று ஆணானவை. பெண்ணாகப் பிறந்த குஞ்சும் ஆணாக வளரும், ஆனால் அதன் டி.என்.ஏ. மாறாது. அந்தக் குஞ்சுகளை நேர்மையாகச் சோதித்தால் ஏறக்குறைய பாதி 'பெண்' என்றுதான் வரும். ஆகவே ஹார்மோன் குஞ்சுக்கு 'டி.என்.ஏ.வில் முழுக்க ஆண்' என்று சான்று காட்டுகிறவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை உங்களை ஏமாற்றுகிறவர். எந்த ரகம், எத்தனை குஞ்சு, துடுப்பை வெட்டியது யார் என்று கேளுங்கள். ரகத்துக்கு ரகம் அந்தத் துண்டு இருக்கும் இடமே மாறும் என்பதால், ரகத்தின் பெயர் இல்லாத சான்று வெறும் காகிதம். இந்தத் தரகர்கள் ஒரே தாளை நகலெடுத்து ஊர் ஊராகக் காட்டுகிறார்கள். உரிமம் வாங்க விவசாயியை நடையாய் நடக்க விடுகிறோம். அவர் வாங்கும் குஞ்சை ஊர்ப் பக்கத்திலேயே சோதித்துச் சொல்ல ஒரு மேசை போடுங்கள் என்றால் மட்டும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள் அதிகாரிகள். எத்தனை கூட்டம்தான் பார்ப்பது?

இந்தச் சோதனை உண்மையில் உதவுவது குஞ்சு பொரிப்பகத்துக்கு. எக்ஸ் துண்டு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு ஒய் உள்ள தந்தை மீனைக் கண்டுபிடித்தால், ஹார்மோன் இல்லாமலே அதன் வாரிசுகள் ஏறக்குறைய எல்லாம் ஆணாகப் பிறக்கும். முன்பு அந்தத் தந்தையை அறிய, குஞ்சு எடுத்து வளர்த்து எண்ண வேண்டும், மாதக்கணக்காகும்.

உங்களுக்குக் கண்ணே போதும். ஐம்பது கிராம் தாண்டிய மீனைப் புரட்டி வயிற்றடியில் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. தெரியவில்லையா, ஒரு சொட்டு மை தடவுங்கள், பளிச்சென்று தெரியும். ஐம்பது மீனாவது பாருங்கள். ஒன்றிரண்டு பெண் இருந்தால் ஏஜென்ட்டோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஹார்மோன் முறையில் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்க முடியாது. பத்து, பதினைந்து என்றால் அடுத்த முறை அவரிடம் வாங்காதீர்கள்.

கொடுவா வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழவேற்காடு பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுவாவுக்கு இந்தச் சோதனையே கிடையாது. முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன் அது. அதே மீன், அதே டி.என்.ஏ.; எதை வைத்துப் பிரிப்பது? 1997-ல் முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா கொடுவாக் குஞ்சு எடுத்ததிலிருந்து இன்றுவரை, தாய்மீனில் மெல்லிய குழாய் விட்டு முட்டையைப் பார்த்தும், ஆணின் வயிற்றை அமுக்கி விந்தைப் பார்த்தும்தான் தேர்வு நடக்கிறது. ஒரு கிலோவில் விற்றுவிடும் உங்களுக்கு ஆணென்ன, பெண்ணென்ன? 'பெண் கொடுவாக் குஞ்சு' என்று யாராவது விற்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, உங்கள் பொடிக்குஞ்சு எங்கிருந்து வந்தது? ஏரித் தண்ணீர் விடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பழைய திலேப்பியா இன்று நம் ஏரி, கால்வாய் எங்கும் இருக்கிறது. வாய்க்காலோடு அதன் குஞ்சு வந்துவிடும். போன அறுவடையில் சேற்றுக் குட்டையில் தங்கிய நாலு மீனும் போதும். அடுத்த முறை குளத்தை வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். வற்றாத பள்ளத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு மூன்று வாரமாவது விடுங்கள். அப்புறம் தண்ணீர் வரும் குழாய் வாயில் கொசுவலை போன்ற பொடிக்கண் வலையை இரண்டு அடுக்காகக் கட்டிவிட்டுக் குஞ்சு விடுங்கள்.