ஒயின் படிப்பா? முதலில் ஊரைப் பாருங்கள்

தம்பி, தோட்டக்கலைப் பட்டம் முடித்துவிட்டு ஒயின் தயாரிப்பு படிக்க வேண்டும், எந்தப் பல்கலைக்கழகம் பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள். தரவரிசையை அப்புறம் பார்க்கலாம். அது எந்தத் திராட்சைப் பகுதியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஒயினின் தரத்தில் பெரும்பங்கு தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

பிரான்சின் போர்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் இடக்கரையில் மெடாக் பகுதி சரளை மண். தண்ணீர் தேங்காது, பகல் சூட்டைப் பிடித்து வைக்கும். அதனால் தாமதமாகப் பழுக்கும் காபர்னே சவிஞோன் என்ற திராட்சை ரகம் அங்கே நன்றாக முற்றுகிறது. வலக்கரையில் பொமரோல் பக்கம் களிமண் அதிகம். குளிர்ச்சியும் ஈரமுமான அந்த மண்ணுக்கு, சீக்கிரம் பழுக்கும் மெர்லோ ரகம்தான் ஒத்துவரும். இரண்டு கரைக்கும் வானிலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. மண் மாறியதும் ரகம் மாறுகிறது, ரகம் மாறியதும் சுவை மாறுகிறது.

ஜெர்மனியின் கைசன்ஹைம் பல்கலைக்கழகம் ரைன் நதிக்கரையில் இருக்கிறது. குளிர்ப் பகுதி, பழத்தை முழுதாகப் பழுக்க வைப்பதுதான் அங்கே காலங்காலமான கவலை. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் கதையே வேறு. கொடி குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை, ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். மழைக்காலம் முடிந்து காய் பிடிப்பதற்கான கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. சுமார் 600 மீட்டர் உயரம், இரவில் குளிர். அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. புளிப்பு போய்விட்டால் ஒயின் சப்பென்று இருக்கும்.

இந்தியாவில் வேலை பார்ப்பதுதான் திட்டம் என்றால், என் ஓட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு. பக்கத்திலேயே பரோசா பள்ளத்தாக்கு, வெயில் மிகுந்த இடம், ஷிராஸ் என்ற கருந்திராட்சை ரகத்துக்குப் பேர் போனது. அதை ஒட்டியே ஈடன் பள்ளத்தாக்கு, உயரமும் குளிர்ச்சியும் கூடுதல், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ரகம் விளைகிறது. வெப்பத்தில் புளிப்பை எப்படித் தக்கவைப்பது என்ற கேள்விதான் நாளைக்கு இங்கேயும் உங்கள் முன் நிற்கும்.

வீட்டில் மது என்று தயங்குவது இயல்பு. மண்ணியல், நுண்ணுயிரியல், வேதியியல்தான் பாடத்தின் பெரும்பகுதி என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நொதித்தல் சார்ந்த மற்ற உணவுத் தொழில்களிலும் இந்தப் படிப்பு உதவும். ஆனால் இந்தியாவில் ஒயின் வேலைகள் பெரும்பாலும் மகாராஷ்டிரம், கர்நாடகத்தில்தான். ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் நாசிக்கில் ஒரு அறுவடைப் பருவம் வேலை செய்யுங்கள். தொட்டி கழுவுவீர்கள், குழாய் இழுப்பீர்கள், விடியற்காலையில் பழம் பறிப்பீர்கள். அந்த வேலைக்கு நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.