ஒருமுறை நோய் வந்து போனால் போதுமா, கம்பும் களியும் சாப்பிட்டால் தடுப்பூசி வேண்டாமா?

"காய்ச்சல் வந்து போனால் உடம்பே எதிர்ப்பு சக்தியை உண்டாக்கிக்கொள்ளும், அதோடு சிறுதானியமும் சாப்பிட்டால் ஊசி எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் பேக்கரி வாசலிலும் இதே பேச்சுதான்.

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. தட்டம்மை வந்து பிழைத்தவருக்கு அநேகமாக ஆயுசுக்கும் அது திரும்ப வராது. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அது வந்து தப்பிய கிழவர்களை அது தொடவில்லை என்று பானும் என்ற டென்மார்க் மருத்துவர் எழுதி வைத்தார். ஆனால் மற்ற கிருமிகளைப் பற்றி உடம்பு சேர்த்து வைத்த நினைவில் ஒரு பகுதியையும் தட்டம்மை அழித்துவிடும். ஊசியில் அந்த நஷ்டம் இல்லை.

டெங்கு வேறு கதை. அதில் 4 வகை. வந்த வகைக்குத்தான் நீடித்த பாதுகாப்பு. அடுத்த முறை வேறு வகை வந்தால் இன்னும் கடுமையாகலாம். "எனக்குத்தான் வந்துருச்சே" என்று தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ரணஜன்னியோ (டெட்டனஸ்), வந்து பிழைத்தாலும் எதிர்ப்பு சக்தி தராது. பிழைத்தவரும் ஊசி போட்டாக வேண்டும்.

சின்னம்மை இறங்கினாலும் அந்தக் கிருமி நரம்பின் வேரில் ஒளிந்துகொள்ளும். எங்கள் அம்மாயிக்கு வயசான காலத்தில் இடுப்பைச் சுற்றி அக்கியாக வெளிவந்தது. காவி குழைத்து அக்கி எழுதிவிட்டார்கள். எரிச்சல் குறையாமல் ராத்திரியெல்லாம் சேலை படக்கூட விடவில்லை. கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். எழுதி முடித்து டாக்டரிடம் போவதற்குள் அந்த நாட்கள் போய்விட்டன.

சரி, சாப்பாடு. கம்போ ராகியோ குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளம் காண உடம்புக்குக் கற்றுத்தராது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு எந்தத் தொற்றும் கடுமையாகலாம். சாப்பாட்டுக்கு அங்கேதான் வேலை. களி என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்பதும் பாதி உண்மை. நைசாக அரைத்த ராகி மாவு சர்க்கரையைச் சீக்கிரமே ஏற்றும். காட்டு வேலை செய்தவர் தின்ற அளவை, தறி ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் தின்றால் ஆகுமா? களி ஒரு சின்ன உருண்டை போதும், கூடவே கீரைக் கடைசல், கொள்ளுப்பருப்பு தாராளமாக. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அப்புறம் சாயங்கால டீயோடு தின்கிற தேங்காய் பன்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.